டொக்கு மேஸ்திரியின் கை

காதைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கை நடுவிரலின் கணுவால் தட்டிக்கொண்டே நகர்கிறார். ஜன்னலுக்குக் கீழே ஒரு தட்டு. ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் இரண்டு. அலமாரிக்குப் பின்னால் கையை நுழைத்து இன்னொன்று. நான் வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். "நீங்க பல்லை விளக்குங்க மாடி சார், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துட்டுப் போயிடுறேன்" என்கிறார். வீடு அவருடையது. மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவன் நான். வாடகைக்காகக் கதவைத் தட்டும் வீட்டுக்காரர்களிடம் நிறையக் காலம் தள்ளியிருக்கிறேன். சும்மா சுவரைத் தட்டிவிட்டுப் போகிறவரை இங்கேதான் பார்த்தேன்.

பூச்சு செங்கல்லை இறுகப் பிடித்திருந்தால் சுவர் கெட்டியாக ஒரு சத்தம் கொடுக்குமாம். உள்ளே விட்டுப்போயிருந்தால் டொக் என்னுமாம். அந்த டொக் காதில் விழுந்துவிட்டால் மனிதருக்குக் கொண்டாட்டம்தான். "டொக்கு!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அந்தச் சுவரை எழுப்பியவனின் வம்சத்தையே ஒரு சுற்று விசாரித்து முடிப்பார். இப்போது அவர் அரசாங்கக் கட்டடங்கள் கட்டும் காண்ட்ராக்டர். கீழே ஐம்பது அறுபது பேர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் தெருவில் அவர் பெயர் டொக்கு மேஸ்திரிதான். கொத்தனாராகக் கரண்டி பிடித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தட்டுவதற்கு இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது. பெண் பார்க்கப் போன வீட்டில் தட்டியிருக்கிறார். துக்கம் கேட்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்தவர்களுக்கு ஆறுதல் சொன்ன கையோடு தூணைத் தட்டியிருக்கிறார். பல் டாக்டர் கருவியால் இவர் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தபோது, "அது டொக்கு, தெரிஞ்சதுதான். உங்க பின்னாடி இருக்கிற சுவரும் டொக்கு, அதைக் கவனிங்க" என்றாராம். அவர் மனைவி இவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து சொல்லும் ஒரே வாசகம் இதுதான்: "போற இடத்துல அந்தக் கையை பேண்ட் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கோங்க." அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். கை ஒருநாளும் பாக்கெட்டுக்குள் இருந்ததில்லை.

இந்த வீட்டை அவரே நின்று கட்டினார். தளம் போட்ட பிறகு மேலே வரப்பு கட்டி, தண்ணீர் நிறுத்தி, வாரக்கணக்கில் அப்படியே விட்டிருக்கிறார். கான்கிரீட் தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் இறுகும். முட்டுக் கொடுத்த கம்புகளை அதற்குமுன் பிரித்தால் தளம் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், என்றைக்காவது ஒழுகும் என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். "சொன்னா நம்ப மாட்டீங்க, மாடியில தவளை வளர்த்தார் இந்த மனுஷன். எப்ப குடிவரப்போறோம்னு கேட்டா, தவளைக்குட்டி பெரிசாகட்டும்னார்" என்பார் அவர் மனைவி. அந்தத் தவளைக்குளத்துக்கு அடியில்தான் நான் குடியிருக்கிறேன். எந்த மழைக்கும் என் தலைமேல் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

அப்படிப்பட்டவரை டெண்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு மேல்தளம் கட்டும் வேலை. இவரைப் போன்றவருக்குப் பெரிய வேலை. இந்த மாதிரிப் போட்டியில் இரண்டு கவர் கொடுக்கவேண்டும். ஒன்றில் தகுதி, அனுபவம். மற்றொன்றில் விலை. முதல் கவரில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். இவரை முதல் கவரிலேயே நிறுத்திவிட்டார்கள். முன்பு கட்டிய ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் வேலை தரக்குறைவு, ஆகவே தகுதியில்லை என்று ஒற்றை வரி. விலைக்கவர் ஒட்டுப் பிரியாமல் அப்படியே திரும்பி வந்தது.

"பிரிச்சுக்கூடப் பார்க்கல சார்!" அந்தக் கவரை அவர் தெரு முழுக்க எடுத்துக்கொண்டு அலைந்தார். தையல்கடையில் காட்டினார். மருந்துக்கடையில் காட்டினார். "என் வேலை தரக்குறைவாம். என்னை, இந்தக் கையை, தரக்குறைவுன்றாங்க. வேற எவனுக்கோ கொடுக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க, அதுக்கு என் பேர்ல சாணி அடிக்கிறாங்க" என்று தொண்டை கட்டும்வரை பேசினார். தெருவே அவர் பக்கம் நின்றது. நானும்தான். இவர் போட்ட கூரைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவன் வேறெப்படி நினைப்பேன்? பணம் போனால்கூடப் பரவாயில்லை என்றுதான் அவர் பேச்சு இருந்தது. பெயரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தவிர, அந்த வேலை இல்லையென்றால் ஆட்களைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்ற கவலையும் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கை நடத்தியது அவர் தம்பி மகள். தகப்பனில்லாத பெண், இவர்தான் படிக்கவைத்து வக்கீலாக்கினார். "வக்கீலம்மா" என்று கேலியும் பெருமையுமாகக் கூப்பிடுவார். டெண்டர் குறைகளைக் கேட்பதற்கென்றே ஒரு முறையீட்டுக் குழு இருக்கிறது, அங்கே போவோம் என்றாள் அவள். விதிகளைப் புரட்டிய அன்றே கீழ்வீட்டுக் கூடத்தில் துள்ளிக் குதித்தாள். "பெரியப்பா, மாட்டிக்கிட்டாங்க! பழைய வேலை சரியில்லைன்னு ஒருத்தரை ஒதுக்கணும்னா முன்னாடியே எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும், அவர் சொல்றதைக் கேட்கணும். உங்களுக்கு நோட்டீஸ் வந்துச்சா?"

"இல்லையே."

"அவ்வளவுதான். கட்டடத்தைப் பத்தி நாம பேசவே வேணாம். நீங்க வாயைத் திறக்காம உட்கார்ந்திருங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்."

"கட்டடத்தைப் பத்திப் பேசலாம்மா, எனக்கென்ன பயம்?" என்றார் அவர். சொல்லும்போது கண் எங்கேயோ போனது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரணை நாளன்று என்னையும் அழைத்துப்போனார். "எழுதுறவர் ஒருத்தர் கூட இருந்தா அவனுங்க கொஞ்சம் அடக்கி வாசிப்பானுங்க" என்பது அவர் கணக்கு. மனைவி வழக்கம்போல வாசலில் நின்று பாக்கெட் வாசகத்தைச் சொல்லி அனுப்பினார்.

நீளமான மேசை, மூன்று மின்விசிறி, அதில் ஒன்று மட்டும் சுற்றியது. மேசைக்குப் பின்னால் குழுவின் தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். எங்கள் பக்கத்துச் சுவரில் வண்ணப்பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. மேஸ்திரியால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கை மெதுவாக எழுந்தது. வக்கீலம்மா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிவிட்டாள். "டொக்கு, கேட்காமலே தெரியுது" என்று என் காதில் முணுமுணுத்தார். அன்று அவர் சொன்ன கடைசி டொக்கு அது.

முதலில் துறை எஞ்சினியர் எழுந்தார். நோட்டீஸ் கொடுத்தீர்களா என்று நீதிபதி கேட்டார். போனில் சொன்னோம் என்றார் எஞ்சினியர். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டதற்கு அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். கடைசியில் இருந்தவருக்குப் பார்க்க ஆளில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் எஞ்சினியர் விடவில்லை. கட்டடத்தின் நிலையைச் சொல்ல அந்த ஆஸ்பத்திரி நர்ஸைக் கூட்டி வந்திருக்கிறோம், ஒரு நிமிடம் கேளுங்கள் என்றார்.

நர்ஸம்மா ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். மேஸ்திரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டார். எதிர்த்தரப்புச் சாட்சி நலம் விசாரித்ததில் நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல மனுஷருங்க. கட்டுறப்போ எங்களுக்குப் போகவர வழி விட்டுத்தான் வேலை செஞ்சாங்க" என்று ஆரம்பித்தார் நர்ஸம்மா. "கூரைதான் கொஞ்சம் ஒழுகும். மழை வந்தா பிள்ளை பெத்தவங்க கட்டிலை நாலு பேரா நகர்த்திக்குவோம். இப்ப பழகிடுச்சுங்க. எந்தப் பக்கம் நகர்த்தணும்னு தரையிலயே தடம் விழுந்திருக்கு, புதுசா வர்ற ஆயாக்களுக்குச் சொல்லித் தரக்கூட வேண்டியதில்ல." இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நடக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று என்பது போலச் சொன்னார்.

வக்கீலம்மா எழுந்தாள். அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கெட்டிக்காரத்தனமான கேள்வி. "இத்தனை வருஷத்துல இதைப் பத்தி எங்கேயாவது ஒரு புகார் கொடுத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

அதோடு அவள் உட்கார்ந்திருக்கலாம். வெற்றி நெருங்கிவிட்டால் யாருக்குத்தான் உட்காரத் தோன்றும்? "ஏன் கொடுக்கல?" என்று கேட்டாள்.

"அவரே வந்து பார்த்துட்டுப் போனாரேம்மா." நர்ஸம்மா மேஸ்திரி பக்கம் கையைக் காட்டினார். "அவர்கிட்ட வேலை செய்ற கம்பி கட்டுறவரோட பொண்ணு எங்க ஆஸ்பத்திரியிலதான் பெத்தா. குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். அன்னைக்கு நல்ல மழை. ஒழுகுற இடத்துக்குக் கீழ சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், காதை வச்சுக் கேட்டார். ஒண்ணும் சொல்லல, போயிட்டார். சரி, அவருக்கே தெரிஞ்சிடுச்சு, ஆளோட வந்து செஞ்சு கொடுத்துடுவார்னு இருந்துட்டோம். கட்டினவருக்கே தெரிஞ்ச பிறகு மேல போய்ச் சொன்னா, அவரை நம்பாத மாதிரி ஆயிடாதா?"

வக்கீலம்மா கையிலிருந்த பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் மேஸ்திரியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கழுத்திலிருந்து ஏறி, காதுமடல்வரை சிவந்திருந்தது. ஊர்ச் சுவரையெல்லாம் தட்டி டொக்கு டொக்கு என்று கூவிய மனிதர், தன் சுவர் டொக்கு என்றபோது மட்டும் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போயிருக்கிறார். அவர் மெல்லத் தன் வலது கையை எடுத்து பேண்ட் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொண்டார்.

தீர்ப்பு மதியத்துக்குள் வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுக்காமல் ஒதுக்கியது செல்லாது, இவரை மீண்டும் போட்டியில் சேர்க்கவேண்டும், விலைக்கவரைப் பிரிக்கவேண்டும். எழுதியதைப் படித்து முடித்த நீதிபதி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "கட்டடத்தைப் பற்றி இந்தக் குழு எதுவும் சொல்லவில்லை. சொல்வது எங்கள் வேலையும் இல்லை" என்றார். குரலில் கடுமை ஒன்றுமில்லை. இருந்திருந்தால்கூட மேஸ்திரிக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"ஜெயிச்சுட்டோம் பெரியப்பா!" வராந்தாவுக்கு வந்ததும் வக்கீலம்மா சொன்னாள். குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்திருந்தது. "அந்தம்மா எப்படிம்மா வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டார் அவர். வாசல் கேட் வழியாக எட்டிப் பார்த்தோம். நர்ஸம்மா எதிரே பஸ் ஸ்டாப்பில் கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தார். காரில் ஏற்றிக்கொள்ளலாமே என்றேன். மேஸ்திரி சட்டென்று தூண் மறைவுக்கு வந்துவிட்டார். "வேணாம் சார். பின்பக்கம் ஒரு வழி இருக்கும், அப்படிப் போயிடலாம்." பின்பக்கம் வழி இருந்தது. குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே, வழக்கை ஜெயித்த நாங்கள் மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராக வெளியே வந்தோம்.

காரில் பாதி வழி வந்துவிட்டோம். பிறகு அவராகவே ஆரம்பித்தார். "கம்பைப் பிரிச்சது நான்தான் சார். திறப்பு விழாவை முன்னாடி தள்ளிட்டாங்க. தண்ணி நிறுத்தினது போதும், பிரிங்கன்னாங்க. எனக்கும் அதே கம்பும் பலகையும் இன்னொரு சைட்டுக்குத் தேவைப்பட்டுச்சு. அவங்க அவசரப்படுத்தினது உண்மை. சரின்னது நான்."

"துறைக்கும் பங்கு இருக்குல்ல பெரியப்பா" என்றாள் வக்கீலம்மா.

"இருக்கும்மா. ஆனா அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?"

கொஞ்ச தூரம் போனபின், "வீட்டுல சொல்லாதீங்க" என்று மட்டும் எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

விலைக்கவரைத் திரும்ப வாங்கிப் பிரித்தார்கள். இவர் விலைதான் குறைவு. பள்ளிக்கூட வேலை இவருக்கே கிடைத்தது. தெருவுக்கு ஒரே சந்தோஷம். தையல்கடைக்காரர் நடு ரோட்டில் வழிமறித்துக் கைகுலுக்கினார். மேஸ்திரி இடது கையை நீட்டினார். "நம்ம பேரைக் கெடுக்கப் பார்த்தானுங்க, மண்ணைக் கவ்வினானுங்க பார்த்தீங்களா" என்றார் தையல்காரர், ஒரு காலத்தில் இவர் சொன்ன அதே தோரணையில். "என் கடைச்சுவர்ல ஏதோ ஈரம் தெரியுது, ஒரு தட்டு தட்டிச் சொல்லுங்களேன்." மேஸ்திரி சுவரைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்? நல்ல ஆளா ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். தையல்காரர் அதைப் பெரிய தன்னடக்கம் என்று தெரு பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் அறைக்கும் வருவதில்லை. நான் நிம்மதியாகப் பல் தேய்க்கிறேன். அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மனைவி ஒருநாள் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தவர், கொடியைப் பிடித்தபடி நின்றுகொண்டு, "சார், அங்க என்ன நடந்துச்சு? கையை பாக்கெட்டுல வச்சுக்கோங்கன்னு வருஷக்கணக்கா கத்தினேன். இப்ப வீட்டுக்குள்ளகூட எடுக்க மாட்டேங்கிறார். சாப்பிடத்தான் வெளிய வருது அந்தக் கை" என்றார். நான் துணி நன்றாகக் காய்ந்திருக்கிறதே என்றேன். என்ன செய்வது, சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாரே.

போன வாரம் மேஸ்திரி படியேறி வந்து, அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். "கொஞ்சம் கூட வர்றீங்களா? ஆஸ்பத்திரி வரைக்கும்." எதற்கு என்று கேட்கவில்லை. வழியில் அவரே சொன்னார். "தளத்தை உடைச்சுட்டு என் செலவுல போட்டுத் தரேன்னு சொல்லணும் சார். பள்ளிக்கூடத்துல கரண்டி வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும். வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன், நல்லாத்தான் வந்துச்சு." அரை கிலோமீட்டர் போனதும் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அப்போதும் நன்றாகத்தான் வந்தது.

சின்ன ஆஸ்பத்திரி. வாசலில் வேப்பமரம், உள்ளே ஒரே கூடம், வரிசையாகக் கட்டில்கள். நர்ஸம்மா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "என்னை மன்னிச்சிடுங்க. உங்களுக்கு எதிரா சொல்லணும்னு வரல. கேட்டாங்க, சொல்லிட்டேன். ஏதோ தப்பாப் பேசிட்டேனோன்னு அன்னையிலிருந்து மனசே சரியில்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? வேலை கிடைச்சுடுச்சுல்ல?"

மேஸ்திரியின் உதடு அசைந்தது. கிடைத்துவிட்டது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்பாடா" என்றார் நர்ஸம்மா. அவர் சந்தோஷப்பட்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நன்றாக வந்த வாக்கியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அது அவர் சொல்லவேண்டியது என்று விட்டுவிட்டேன்.

மழை அப்போது பிடித்துக்கொண்டது. ஒருவரும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு ஆயாக்கள் எங்கிருந்தோ வந்தார்கள். படுத்திருந்த பெண்கள் தங்கள் குழந்தைகளை வாரி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். கட்டில்கள் வரிசையாக நகர்ந்தன; கால்கள் தரையில் இருந்த தடத்திலேயே போய் நின்றன. சுவரோரம் இருந்த கடைசிக் கட்டிலுக்கு மட்டும் ஆள் போதவில்லை. அதில் படுத்திருந்த பெண் மிகவும் சின்னவள், எழுந்திருக்க முடியாதவள்; குழந்தை அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே கூரையில் ஈரம் திரண்டு, கீழே இறங்கலாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"வாளி எங்கேடி?" என்று நர்ஸம்மா உள்பக்கம் குரல் கொடுத்தார். "இதோ வர்றேன்க்கா" என்று எங்கோ பதில் கேட்டது.

மேஸ்திரி பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். கட்டிலை நெருங்கிப் போய், குழந்தையின் முகத்துக்கு மேலே அந்தக் கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்துப் பிடித்தார். முதல் சொட்டு அதில் விழுந்தது. வாளி வந்து சேர்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.